சீரியல் போர்ட் வாய் திறக்காதபோது

போர்ட் வேலை செய்யவில்லை என்று மட்டும் சொன்னால் யாராலும் உதவ முடியாது. வைத்தியரிடம் போய் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பது போலத்தான் அது. ஒரு எழுத்துகூட வரவில்லையா? வருகிறது, ஆனால் குப்பையாக வருகிறதா? சரியாக மூடாத குழாய் மாதிரிச் சொட்டுச் சொட்டாக வருகிறதா? வேகமாகத்தான் வருகிறது, இடையிடையே எழுத்துகள் காணாமல் போகின்றனவா? ஒரு மணி நேரம் ஒழுங்காக ஓடிவிட்டுத் திடீரென்று ஊமையாகிவிட்டதா? ஒவ்வொன்றுக்கும் காரணம் ஒளிந்திருக்கும் இடம் வேறு. கர்னலை மறுபடி கம்பைல் செய்ய உட்காருமுன் உங்களுடையது இதில் எது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். இரவு இரண்டு மணிக்கு நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளாமல் இருக்க அந்தத் தாள் உதவும்.

இங்கே பேசப்போவது ஐபிஎம் பிசி வகைக் கணினிகளில் 1991 முதல் 1995 வாக்கில் ஓடியவற்றைப் பற்றி: லினக்ஸ் 0.11 தொடங்கி 1.2 வரை, வில்லியம் ஜோலிட்ஸும் லின் ஜோலிட்ஸும் 1992இல் வெளியிட்ட 386பிஎஸ்டி, அதிலிருந்து கிளைத்த நெட்பிஎஸ்டி, ஃப்ரீபிஎஸ்டி. எமுலேட்டரில் ஓட்டுகிறவர்களுக்கு இதில் பாதிச் சிக்கல் தலைகாட்டவே செய்யாது. நிஜமான 386, 486 பலகைகளை மேசையில் விரித்து வைத்திருப்பவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் கம்பி

டிரைவரைத் திட்டுவதற்கு முன் ஒரு காகிதக் கிளிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கேபிளைக் கழற்றிவிட்டு, கணினியின் முதுகில் இருக்கும் 9 முள் இணைப்பில் 2ஆம் முள்ளையும் 3ஆம் முள்ளையும் கிளிப்பால் இணையுங்கள். ஒன்று பெறும் முள், மற்றது அனுப்பும் முள். 25 முள் இணைப்பிலும் இதே எண்கள்தான், ஆனால் எது பெறுவது எது அனுப்புவது என்பது தலைகீழ். கிளிப்புக்கு அது ஒரு பொருட்டில்லை. கெர்மிட் அல்லது மினிகாமைத் திறந்து, ஹார்ட்வேர் ஃப்ளோ கன்ட்ரோலையும் லோக்கல் எக்கோவையும் அணைத்துவிட்டு ஒரு எழுத்தை அடியுங்கள். திரையில் அது வந்தால் கிளிப்பை எடுத்துவிட்டு மறுபடி அடியுங்கள். இப்போது வரக்கூடாது. இந்த இரண்டாவது பாதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கிளிப் இல்லாமலும் எழுத்து வந்தால் நீங்கள் இதுவரை பார்த்தது உங்கள் மென்பொருளின் சொந்த எதிரொலியை.

எழுத்து தாமதமில்லாமல் வந்து கிளிப் சோதனை தேறிவிட்டால் சிப், முகவரி, இன்டர்ரப்ட் மூன்றும் சரி. சிக்கல் கேபிளிலோ அந்தப் பக்கத்திலோ இருக்கிறது. தேறவில்லை என்றால் உடனே டிரைவருக்குப் போய்விடாதீர்கள். இடையில் இன்னொரு கம்பி இருக்கிறது. பலகையில் இருக்கும் 10 முள் வரிசையிலிருந்து பெட்டியின் முதுகுக்குப் போகும் பட்டைக் கேபிள் அது. அதில் இரண்டு சாதி உண்டு. ஒன்றில் பட்டை அப்படியே நேராக நசுக்கி மாட்டப்பட்டிருக்கும். அதனால் 1, 6, 2, 7 என்று எண்கள் மாறி மாறி விழும். மற்றதில் 1க்கு 1, 2க்கு 2. பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். என்னிடம் இருந்த ஒரு 386 பலகைக்கு வேறொரு பெட்டியின் கேபிளை மாட்டிவிட்டு இரண்டு மாலைப்பொழுதை லினக்ஸ் மூலநிரலுக்குள் தொலைத்தேன். மல்டிமீட்டரை எடுத்து வைத்துப் பார்க்க இரண்டு நிமிடம்தான் ஆனது.

கேபிளில் மூன்றே கம்பிகள், அதாவது பெறுவது, அனுப்புவது, தரை மட்டும் இருந்தால் வேறொரு வேடிக்கை நடக்கும். போர்ட்டைத் திறக்கச் சொன்ன கட்டளை அப்படியே நின்றுவிடும், பிழைச்செய்தியும் வராது. யூனிக்ஸின் பழக்கம் அது: மறுமுனையில் மோடம் இருப்பதாக நினைத்துக்கொண்டு, கேரியர் வந்துவிட்டது என்று 1ஆம் முள் சொல்லும்வரை ஓபன் அழைப்பு காத்துக்கிடக்கும். மறுமுனையில் இருப்பது டெர்மினல் என்றால் கேபிளின் முனையிலேயே 4ஐ 1க்கும் 6க்கும், 7ஐ 8க்கும் இணைத்துப் பற்றவைத்துவிடுங்கள். அல்லது அந்த வரிக்குக் கேரியரைக் கவனிக்காதே என்னும் கிளோக்கல் கொடியை ஏற்றுங்கள். மோடம் மாட்டிய வரியில் மட்டும் இந்த இரண்டையும் செய்யவே வேண்டாம். அழைத்தவர் இணைப்பைத் துண்டித்துவிட்டுப் போனது கணினிக்குத் தெரியாமலே போய், அடுத்து அழைக்கிறவர் முந்தையவரின் ஷெல்லில் நேராக வந்து உட்காருவார்.

இன்டர்ரப்ட் எண் என்னும் வதந்தி

ஐஎஸ்ஏ பஸ்ஸில் மாட்டிய சீரியல் கார்டு தன் இன்டர்ரப்ட் எண் இன்னது என்று யாரிடமும் சொல்லாது. அதில் ஒரு ஜம்பர் இருக்கும். அந்த ஜம்பர் எங்கே இருக்கிறது என்பது ஜம்பருக்கும் அதை மாட்டியவருக்கும்தான் தெரியும். கர்னல் வழக்கத்தை வைத்து ஊகிக்கிறது. முதல் போர்ட் 3எஃப்8 முகவரி, இன்டர்ரப்ட் 4. இரண்டாவது 2எஃப்8, இன்டர்ரப்ட் 3. மூன்றாவது 3இ8, மறுபடி 4. நான்காவது 2இ8, மறுபடி 3. டாஸ் இவற்றை ஒன்றிலிருந்து எண்ணும், யூனிக்ஸ் சுழியத்திலிருந்து எண்ணும். காம்2 என்று கார்டில் அச்சிட்டிருப்பது லினக்ஸில் டிடிஒய்எஸ்1. இதில் தடுக்கி விழாதவர் இல்லை.

பூட் ஆகும்போது 3எஃப்8இல் 16450 இருக்கிறது, இன்டர்ரப்ட் 4 என்று கர்னல் சொல்லும். அந்த வரியை நம்பித்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். முகவரியும் சிப்பின் வகையும் கர்னல் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டவை. இன்டர்ரப்ட் எண் பெரும்பாலும் பட்டியலிலிருந்து எடுத்து வாசித்தது. ஒரே வரியில் கண்டதும் கேட்டதும் கலந்து நிற்கின்றன.

எண் தவறாக இருந்தால் போர்ட் முழுதாகச் சாவதில்லை, அதுதான் குழப்பம். லினக்ஸ் 1 வரிசையின் டிரைவரில் பாதுகாப்புக்காக ஒரு டைமர் உண்டு. அது அவ்வப்போது எட்டிப் பார்த்து, சிப்பில் தேங்கியதை அள்ளிக்கொண்டு போகும். அதனால் எழுத்துகள் வரும், ஆனால் சில நொடிகளுக்கு ஒருமுறை கொத்தாக வரும். தாளில் சொட்டுச் சொட்டாக என்று எழுதியிருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம், இன்டர்ரப்ட் எண் தவறு. இத்தனை வருடத்தில் இந்த அறிகுறி என்னை ஏமாற்றியதில்லை. உறுதிசெய்ய, ப்ராக் அடைவில் உள்ள இன்டர்ரப்ட்ஸ் கோப்பைக் கேட் கட்டளையால் பாருங்கள், போர்ட்டில் எதையாவது அனுப்புங்கள், மறுபடி பாருங்கள். உங்கள் எண்ணுக்கு எதிரே இருக்கும் கணக்கு ஏறியிருக்க வேண்டும். பிஎஸ்டியில் விஎம்ஸ்டாட்டை ஐ விருப்பத்தோடு ஓட்டினால் இதே கணக்கு கிடைக்கும்.

தீர்வு லினக்ஸில் எளிது: செட்சீரியல் கட்டளையில் போர்ட்டின் பெயரையும் சரியான எண்ணையும் கொடுத்து, அதையே பூட் ஸ்கிரிப்டிலும் எழுதிவிடுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். செட்சீரியல் கார்டில் எதையும் மாற்றாது. டிரைவரின் காதில் ஒரு சேதி சொல்கிறது, அவ்வளவுதான். ஜம்பரை நகர்த்துவது உங்கள் விரல்தான். 386பிஎஸ்டி வழியில் வந்தவற்றில் முகவரியும் எண்ணும் கர்னல் கட்டமைப்புக் கோப்பில் எழுதப்பட்டவை. கோப்பைத் திருத்தி, கர்னலைப் புதிதாகக் கட்டி, பூட் செய்ய வேண்டும். ஒரு 386இல் அதற்குள் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு வரலாம்.

முதல் போர்ட்டில் மவுஸ், மூன்றாவதில் மோடம் என்று மாட்டியவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இரண்டும் இன்டர்ரப்ட் 4. டாஸில் இரண்டையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தாதவரை தப்பித்துக்கொண்டிருந்தீர்கள். யூனிக்ஸில் எக்ஸ் விண்டோ மவுஸைத் திறந்து வைத்திருக்கும்போதே மோடம் அழைக்கும். ஐஎஸ்ஏவில் இரண்டு சாதாரணக் கார்டுகள் ஒரே இன்டர்ரப்ட் கம்பியைப் பகிர முடியாது. ஒன்று கம்பியை மேலே இழுக்கும்போது மற்றது கீழே பிடித்துக்கொண்டிருக்கும். மோடத்தை 5க்கு மாற்றுங்கள். நான்காவது போர்ட்டுக்கு வேறொரு வியாதி: ஐபிஎம் 8514 வகை வீடியோ கார்டுகளின் முகவரிகளும் 2இ8உம் ஒன்றோடொன்று மோதும். வீடியோ கார்டை மாற்றியதிலிருந்து போர்ட் போய்விட்டது என்று யாராவது சொன்னால் சிரிக்காதீர்கள்.

சொந்தமாக டிரைவர் எழுதுகிறவர்களும் வேறொரு கணினிக்குப் பெயர்க்கிறவர்களும் லினக்ஸ் 0.11இன் சீரியல் பகுதியைக் கட்டாயம் படிக்க வேண்டும். சின்னது, ஒரே மாலையில் முடிந்துவிடும். போர்ட்டைத் தொடங்கும் இடத்தில் வேகத்துக்கான வகுஎண்ணாக 48ஐ எழுதுகிறது. சிப்பின் கடிகாரப்படி அதிகபட்சம் 115200. அதை 48ஆல் வகுத்தால் 2400. அப்புறம் மோடம் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரில் ஹெக்ஸில் 0பி என்று எழுதுகிறது. அதைப் பிட் பிட்டாகப் பிரியுங்கள்: 1 டிடிஆர், 2 ஆர்டிஎஸ், 8 அவுட்2. முதல் இரண்டும் எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கும். அவுட்2க்குச் சிப்பின் கையேட்டில் தனி வேலை எதுவும் இல்லை. பொதுப் பயனுக்கான ஒரு கால், அவ்வளவுதான். ஆனால் பிசியை வடிவமைத்தவர்கள் சிப்பின் இன்டர்ரப்ட் பஸ்ஸுக்குப் போகும் வாசலை அந்தக் காலில் கட்டிவிட்டார்கள். அந்த பிட்டை ஏற்றாவிட்டால் சிப் கத்திக்கொண்டே இருக்கும், சத்தம் வாசலைத் தாண்டாது. சிப்பின் கையேட்டை மட்டும் கரைத்துக் குடித்துவிட்டு டிரைவர் எழுதுகிறவர்கள் எல்லோரும் இங்கே ஒருமுறை மாட்டிக்கொள்வார்கள்.

அதே நிரலின் அசெம்பிளிப் பகுதியில் இன்னொரு பாடம் இருக்கிறது. இன்டர்ரப்ட் வந்ததும் காரணத்தைப் படித்து, வேலையை முடித்துவிட்டுத் திரும்பிவிடாமல், மறுபடி மேலே போய்க் காரணத்தைப் படிக்கிறது. இனி எதுவும் பாக்கியில்லை என்று கடைசி பிட் சொன்ன பிறகே வெளியேறுகிறது. இந்தச் சுற்று அலங்காரத்துக்காகப் போட்டதில்லை. ஐஎஸ்ஏ பஸ்ஸின் இன்டர்ரப்ட் கம்பி கீழிருந்து மேலே ஏறும் அந்தக் கணத்தைத்தான் கவனிக்கும். ஒரு எழுத்தை வாங்கிக்கொண்டிருக்கும்போதே வேறொரு காரணமும் சேர்ந்துகொண்டால் கம்பி கீழே இறங்காது. நீங்கள் ஒன்றை மட்டும் கவனித்துவிட்டுத் திரும்பினால் கம்பி மேலேயே நிற்கும், மறுபடி ஏற வழியில்லை, அடுத்த இன்டர்ரப்ட் வரப்போவதே இல்லை. ஒரு மணி நேரம் ஒழுங்காக ஓடி ஊமையாகிற போர்ட், மூடித் திறந்தால் உயிர் பெறுகிற போர்ட், இந்த இடத்தில்தான் செத்திருக்கும். டிரைவரையே குற்றம் சொல்லலாம் என்று நான் ஒப்புக்கொள்கிற வெகுசில வழக்குகளில் இது ஒன்று.

குதிர் நிரம்பினால்

இடையிடையே எழுத்துகள் காணாமல் போகும்போது பிஎஸ்டி கர்னல் சைலோ ஓவர்ஃப்ளோ என்று கத்தும். சைலோ என்றால் தானியக் குதிர். பிடிபி-11 காலத்து டிஇசட்11 பலகையில், வந்த எழுத்துகளைச் சேர்த்து வைக்க 64 எழுத்துக் கொள்ளளவில் ஒரு வரிசை இருந்தது. அந்தப் பலகையைச் செய்த டிஜிட்டல் நிறுவனம் அதற்கு வைத்த பெயர்தான் சைலோ. பெயர் பிசிக்கும் வந்துவிட்டது. ஆனால் 1981இன் முதல் ஐபிஎம் பிசியில் இருந்த 8250க்கும், ஏடியில் வந்த 16450க்கும் குதிரே கிடையாது. ஒரே ஒரு எழுத்துக்கு இடம், அதாவது ஒரு மரக்கால்கூட இல்லை, ஒரு கைப்பிடி.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு எழுத்துக்குத் தொடக்க பிட், 8 தரவு பிட், முடிவு பிட் ஆக 10. 9600 வேகத்தில் ஒரு எழுத்து வந்து அடுத்தது வந்து சேர ஏறக்குறைய 1 மில்லிநொடி. 38400இல் 260 மைக்ரோநொடி. 115200இல் 87. அதற்குள் கர்னல் வந்து கைப்பிடியை எடுக்காவிட்டால் அடுத்த எழுத்து முந்தையதை அழித்துவிடும். கர்னல் ஏன் தாமதிக்கிறது? பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்கால். அந்தக் கால ஐடிஇ டிரைவர் ஒரு செக்டரின் 512 பைட்டுகளையும் செயலியைக் கொண்டே அள்ளும். அள்ளி முடிக்கும்வரை மற்ற இன்டர்ரப்டுகளுக்குக் கதவடைப்பு. நொடிக்கு 1 மெகாபைட் வேகம் என்று வைத்துக்கொண்டால் ஒரு செக்டருக்கே அரை மில்லிநொடி. 38400இல் அந்த நேரத்துக்குள் இரண்டு எழுத்து வந்துவிடும். கோப்பு இறங்கும்போது டிஸ்க் விளக்கு எரியும் ஒவ்வொரு தடவையும் பிழை எண்ணிக்கை ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்டாயிற்று.

மருந்து இரண்டு. லினக்ஸில் எச்டிபார்ம் கட்டளையின் யு1 விருப்பம், டிஸ்க் வேலையின்போதும் மற்ற இன்டர்ரப்டுகளுக்குக் கதவைத் திறந்து வைக்கும். ஆனால் உங்கள் பலகையில் இருப்பது சிஎம்டி640பி அல்லது ஆர்இசட்1000 வகை ஐடிஇ சிப் என்றால் அதைத் தொடாதீர்கள். அந்தச் சிப்புகளின் கோளாறால் டிஸ்க்கில் இருப்பது கெட்டுப்போகலாம். மோடத்துக்காக வீட்டை எரிக்க வேண்டியதில்லை. இரண்டாவது மருந்து 16550ஏ சிப்பை வாங்கி மாட்டுவது. அதில் 16 எழுத்துக் குதிர் இருக்கிறது. பெயரின் கடைசியில் இருக்கும் ஏ முக்கியம். ஏ இல்லாத பழைய 16550இன் குதிர் ஓட்டை. அதை நம்பக்கூடாது என்று டிரைவர்களே அதைப் பயன்படுத்தாமல் விட்டுவிடும். டிரைவர் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்றால், குதிரை இயக்கச் சொல்லிவிட்டு இன்டர்ரப்ட் அடையாள ரெஜிஸ்டரின் மேல் இரண்டு பிட்டுகளைப் பார்க்கும். இரண்டும் 1 என்றால் 16550ஏ. ஒன்று மட்டும் என்றால் ஓட்டைக் குதிர். இரண்டும் 0 என்றால் குதிரே இல்லை.

குதிர் வந்த பிறகும் ஒரு தீர்மானம் பாக்கி: எத்தனை எழுத்து சேர்ந்ததும் கர்னலை எழுப்புவது? 1, 4, 8, 14 என்று நான்கு வாய்ப்பு. 14 வைத்தால் இன்டர்ரப்டுகள் குறையும், செயலிக்கு ஓய்வு. ஆனால் எழுப்பிய பிறகு மிச்சமிருப்பது இரண்டே எழுத்துக்கு இடம். 115200இல் அது 174 மைக்ரோநொடி. 8 வைத்தால் ஏறக்குறைய 700. மெதுவான 386இல் 8தான் சரி என்பது என் அனுபவம். ஃப்ரீபிஎஸ்டியின் எஸ்ஐஓ டிரைவரை எழுதிய புரூஸ் எவன்ஸ், எந்தக் குதிர் வழிந்தது என்பதைக்கூடப் பிரித்துச் சொல்லும்படி செய்திருக்கிறார். சைலோ என்றால் சிப்பிலேயே வழிந்தது, கர்னல் தாமதம். இன்டர்ரப்ட் நிலை பஃபர் என்றால் கர்னல் எடுத்துவிட்டது, மேலே கொடுக்க நேரமில்லை. டிடிஒய் நிலை என்றால் உங்கள் நிரல் படிக்காமல் தூங்குகிறது, அல்லது ஃப்ளோ கன்ட்ரோல் போடவில்லை. மூன்றையும் ஒன்றாக நினைத்துச் சிப்பை மாற்றிக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும்.

பழைய நிரல்களில் வேகப் பட்டியலே 38400ஓடு முடிந்துவிடும். லினக்ஸில் செட்சீரியலுக்கு எஸ்பிடி_விஎச்ஐ என்று கொடுத்தால், நிரல் 38400 கேட்கும்போது டிரைவர் சத்தமில்லாமல் 115200 கொடுக்கும். இதைப் போட்டுவிட்டு மறந்து, ஆறு மாதம் கழித்து அதே போர்ட்டில் வேறொரு கருவியை 38400இல் மாட்டிக் குழம்புவது தனிக்கலை.

குப்பை எழுத்துகள்

முழுக் குப்பையாக வந்தால் வேகம் பொருந்தவில்லை. பாதி புரிந்து பாதி புரியாவிட்டால் பாரிட்டி. மறுமுனை 7 பிட், இரட்டைப்படைப் பாரிட்டி என்று அனுப்ப, நீங்கள் 8 பிட், பாரிட்டி இல்லை என்று வாங்கினால், லாகின் என்ற ஆங்கிலச் சொல்லில் எல், ஓ, ஐ, முக்காற்புள்ளி நான்கும் நன்றாக வரும்; ஜியும் என்னும் மட்டும் கெடும். அவை இரண்டிலும்தான் 1 பிட்டுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படை, இரண்டுக்கும் ஐந்து. அதனால் எட்டாவது பிட் ஏறிவிடுகிறது. எந்தெந்த எழுத்து கெடுகிறது என்று பார்த்தாலே போதும், கருவி எதுவும் வேண்டாம்.

சரி என்று எஸ்டிடிஒய்யை ஓட்டி வேகத்தையும் பாரிட்டியையும் அமைக்கிறீர்கள். அடுத்த கட்டளையில் பழைய நிலைக்கே போய்விடுகிறது. போர்ட்டைக் கடைசியாகப் பிடித்திருந்தவர் விட்டதும் அமைப்புகளைத் தொடக்க நிலைக்கே கொண்டுபோவது பல பழைய யூனிக்ஸ்களின் வழக்கம். எஸ்டிடிஒய் முடிந்ததும் போர்ட்டும் மூடிவிடுகிறது. பின்னணியில் ஒரு ஸ்லீப் கட்டளையை அந்த போர்ட்டைப் பிடித்துக்கொண்டு தூங்கவிட்டு, அப்புறம் அமையுங்கள்.

இரண்டு பேர் ஒரே கதவில்

லினக்ஸில் ஒரே போர்ட்டுக்கு இரண்டு பெயர்: டிடிஒய்எஸ்1, சியுஏ1. உள்ளே வரும் அழைப்புக்காக, லாகின் கேட்கும் நிரலான கெட்டி முதலாவதைத் திறந்து கேரியருக்காகக் காத்திருக்கும். வெளியே அழைக்கும் நிரல் இரண்டாவதைத் திறக்கும், அது காத்திருக்காது. ஏற்பாடு அழகுதான். ஆனால் வெளியே அழைக்கும் இரண்டு நிரல்களில் ஒன்று சியுஏ1 என்றும் மற்றது டிடிஒய்எஸ்1 என்றும் பூட்டுக் கோப்பு வைத்தால், பூட்டு இரண்டு, கதவு ஒன்று. எல்லா அழைக்கும் நிரல்களுக்கும் ஒரே பெயரைக் கொடுங்கள். மோடம் என்று ஒரு சிம்லிங்க் போட்டு வைத்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். அது மூன்றாவது பூட்டு.

பூட்டு இருக்கிறது, ஆனால் பூட்டியவர் உயிரோடு இல்லை என்றால் கோப்பைத் திறந்து பாருங்கள். உள்ளே ஒரு பிராசஸ் எண் இருக்கும். சில நிரல்கள் அதைப் படிக்கக்கூடிய இலக்கங்களாக எழுதும், சில நான்கு பைனரி பைட்டுகளாக எழுதும். ஒன்று எழுதியது மற்றதற்குப் புரியாது. அதனால் செத்தவரின் பூட்டை உடைக்கத் துணியாமல் வெளியே நிற்கும். பிஎஸ் கட்டளையில் அந்த எண் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு நீங்களே அழித்துவிடலாம்.

மோடம் மாட்டிய வரியில் கெட்டி ஓடிக்கொண்டிருக்க, இரவெல்லாம் மோடத்தின் அனுப்பும் விளக்கும் பெறும் விளக்கும் மாறி மாறி மினுங்கினால் இரண்டும் பேசிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். கெட்டி லாகின் என்கிறது, மோடம் அதை எதிரொலிக்கிறது, கெட்டி அதை யாரோ அடித்த பயனர் பெயர் என்று நினைத்துக் கடவுச்சொல் கேட்கிறது, மோடம் அதையும் எதிரொலிக்கிறது. மோடத்துக்கு ஏடி இ0 க்யூ1 அனுப்பி, எதிரொலியையும் பதில் செய்திகளையும் நிறுத்தி, ஏடி & டபிள்யூ கொடுத்து அதன் நினைவகத்தில் சேமித்துவிடுங்கள்.